இருபத்து மூன்று காலி இடங்கள்

கலெக்டர் ஆபீசுக்கு எதிரில் இருக்கும் ஒரு ஜெராக்ஸ் கடையில் பதினாறு வருடங்களாக வேலை செய்கிறேன். நகல் எடுப்பது, லேமினேஷன் போடுவது, திங்கட்கிழமைகளில் மனு எழுதிக் கொடுப்பது என் வேலை. கம்ப்யூட்டரில் அடித்த மனுவைவிடக் கையால் எழுதிய மனுவை அதிகாரி ஒரு நிமிடமாவது கூடுதலாகப் பார்ப்பார் என்று நம்புகிறவர்கள் இன்னமும் வருகிறார்கள். நான் பிளஸ் டூ வரை படித்தவள். கையெழுத்து நன்றாக இருக்கும். என்னைப் பற்றி மற்றவர்கள் நல்லதாகச் சொல்வது பெரும்பாலும் இந்த ஒன்றைத்தான்.

அந்தக் கையெழுத்துதான் என்னைச் சித்திரக்கதைப் பத்திரிகைக்குக் கொண்டுபோனது.

வேங்கிக்கால் புது வீடுகள் பக்கம் குடியிருக்கும் ஒருவர், தனியார் பள்ளி ஒன்றில் கணக்கு வாத்தியார், தன் பத்திரிகையின் முதல் இதழை நகல் எடுக்க எங்கள் கடைக்கு வந்தார். அப்போது அதற்குப் பெயர்கூட இல்லை. அட்டையில் ஒன்று என்று எண் மட்டும் இருந்தது. உள்ளே படங்கள். படத்தில் இருப்பவர்கள் பேசுவதை எழுதும் முட்டை வடிவ இடங்களுக்குள் கம்ப்யூட்டர் எழுத்து. அவரே அதைப் பார்த்து முகம் சுளித்தார்.

"ரேஷன் கடை போர்டு மாதிரி இருக்குது" என்றார், யாரிடம் என்று இல்லாமல்.

நான் அப்போது ஒரு அம்மாவுக்குப் பட்டா மாற்ற மனு எழுதிக்கொண்டிருந்தேன். அவர் மேசைக்குப் பக்கத்தில் வந்து நின்று நான் எழுதி முடிக்கும்வரை பார்த்தார். பிறகு, "மேடம், இந்தக் கையெழுத்து எனக்கு வேணும்" என்றார். எனக்கு வியர்த்துவிட்டது. அந்த அம்மா சிரித்தாள். "எடுத்துக்கினு போங்க. என் மனுவ மட்டும் உட்டுடுங்க."

இரண்டாவது இதழிலிருந்து எல்லாக் கதைகளுக்கும் பேச்சை நான்தான் எழுதுகிறேன்.

காமிக்ஸ் என்றால் குதிரை, துப்பாக்கி, முகமூடி என்றுதான் நினைத்திருந்தேன். இது அப்படி இல்லை. ஒரு நர்ஸ் தன்னுடைய பன்னிரண்டு மணி நேர டியூட்டியை மணிக்கு ஒரு கட்டமாக வரைந்து தந்தாள். ரமணாசிரமம் பக்கம் அறை எடுத்துத் தங்கியிருந்த ஒருவர், ஒரு காபிக்கடையில் தினமும் உட்காரும் ஆட்களின் செருப்புகளை மட்டும் வரைந்தார். எட்டுப் பக்கம் முழுக்கச் செருப்புகள் பேசிக்கொண்டிருந்தன. ஆட்கள் தெரியவே இல்லை. அதைப் படித்து நானும் சிரித்தேன். இவர்கள் என்ன செய்தாலும் விசித்திரமாகத் தோன்றாத அளவுக்கு மூன்று இதழ்களில் பழகிவிட்டேன்.

வேலைக்கு ஓர் ஒழுங்கு இருந்தது. வரைகிறவர் முதலில் பென்சிலில் வரைவார். அதன்மேல் கறுப்பு மையால் கோடு போடுவார். பக்கங்கள் வாத்தியாரிடம் போகும். அவர் உறையில் போட்டு என்னிடம் கொடுப்பார். நான் பேச்சை எழுதுவேன். மை காய்ந்த பிறகு பக்கத்தில் மிச்சம் இருக்கும் பென்சில் கோடுகள் எல்லாவற்றையும் ரப்பரால் அழித்து, தூளைப் பிரஷ்ஷால் தட்டி, சுத்தமான பக்கமாகத் திருப்பித் தருவேன். பிறகுதான் நகல். நாலு பக்கம் ஒரு தாள். இருநூறு பிரதி. ஞாயிற்றுக்கிழமை வாத்தியார் வீட்டு ஹாலில் தாள்களை வரிசையாகப் பரப்பி, சுற்றி வந்து ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கி, நடுவில் பின் அடிப்போம். பௌர்ணமி வரும் ஞாயிறு என்றால் அடுத்த வாரம்தான். அன்று கிரிவலக் கூட்டத்தில் ஊருக்குள் யாரும் எங்கும் போக முடியாது.

மூன்றாவது இதழில் ஒரு தவறு நடந்தது. ஒருவர் மை போடாமல் விட்ட ஒரு பென்சில் உருவம் பக்கத்தின் மூலையில் இருந்தது. எனக்குச் சந்தேகமாக இருந்ததால் அழிக்காமல் விட்டேன். அது அச்சில் அழுக்கு மாதிரி வந்தது. வரைந்தவர் வாத்தியாரிடம் வருத்தப்பட்டிருக்கிறார். வாத்தியார் என்னிடம் அமைதியாகத்தான் சொன்னார்.

"மை போடலன்னா அது வேணாம்னு அர்த்தம், மேடம். பென்சில் இருந்தா அழிச்சிடுங்க. யோசிக்காதீங்க."

அதற்குப் பிறகு நான் யோசிக்கவில்லை.

நாலாவது இதழுக்குப் புதிதாக ஒருவர் வரைந்தார். அடி அண்ணாமலைக்காரர். செங்கம் ரோட்டில் ஆட்டோ ஓட்டுகிறவர். வெளிநாட்டுக்காரர்களை ஏற்றி இறக்கும் நேரம் போக, ஆட்டோவிலேயே உட்கார்ந்து வரைவாராம். வாத்தியாரின் மகளைப் பள்ளிக்கு அழைத்துப்போகும் ஆட்டோவும் அவருடையதுதான். அப்படித்தான் பழக்கம். எனக்கு அவரைத் தெரியாது. பள்ளி வாசலில் வைத்துப் பக்கங்களைக் கொடுத்தார், வாத்தியார் உறையைப் பிரிக்காமல் என்னிடம் கொண்டுவந்தார். பரீட்சைத் தாள் திருத்தும் நாட்கள் அவை.

ஆறு பக்கம். கதை எளிமையானது. கிரிவலப் பாதையில் வீடு. பௌர்ணமி அன்று வீட்டுக்கு முன்னால் ஒரு பெஞ்ச் போட்டு எலுமிச்சை ஜூஸ் விற்கிறார்கள். அம்மா எலுமிச்சை பிழிகிறாள், ஒருவன் டம்ளர் கழுவுகிறான், கூட்டம் போகிறது. வீட்டில் சாப்பிடுகிறார்கள். மோட்டார் ரிப்பேர் செய்கிறார்கள். மறுபடியும் பௌர்ணமி. ஐஸ் தீர்ந்துபோகிறது.

நான் பேச்சை எழுதினேன். "ஐஸ் வாங்கிட்டு வாடா" என்று அம்மா சொல்லும் வரி நாலாவது பக்கத்தில் ஒரு பெரிய கட்டத்தில் வந்தது. அம்மா கை நீட்டிக் கேன் ஒன்றைக் கொடுக்கிறாள். வாங்கிக்கொள்கிறவன் பென்சிலில் இருந்தான். அவன் மட்டும் எல்லாப் பக்கங்களிலும் பென்சிலிலேயே இருந்தான்.

இரண்டாவது பக்கத்திலேயே கவனித்தேன். போனை எடுத்தேன். வாத்தியார் நம்பரைப் பார்த்தேன். இதைக்கூடக் கேட்கிறாளே என்று நினைப்பாரோ என்று வைத்துவிட்டேன். எனக்குப் போனில் பேசுவது எப்போதுமே கஷ்டம். செருப்புக் கதையில் ஆட்கள் இல்லாதது போல, இதில் ஒருத்தன் இல்லாமல் எல்லோரும் அவனோடு பேசுகிறார்கள் போலிருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வரைந்து பார்த்துவிட்டு வேண்டாம் என்று விட்டிருப்பார்.

நான் எப்போதும் ஓரத்திலிருந்து உள்ளே அழிப்பேன். காலில் தொடங்கி மேலே போனேன். முகம் கடைசி. மை இழுபடாமல் ஓரம் ஓரமாக அழிக்க வேண்டும் என்பதால் கண்ணைப் பக்கத்தில் வைத்துக்கொள்வேன். ஆறு பக்கத்துக்கும் ஒரு மாலை முழுவதும் ஆனது. சுத்தமாக வந்தது.

அடுத்த ஞாயிறு காலை வாத்தியார் வீட்டுக்கு மாதிரிப் பிரதி ஒன்றை எடுத்துக்கொண்டு போனேன். ஒரிஜினல் பக்கங்களும் என் பையில் இருந்தன. வாத்தியாரும் அவர் மனைவியும் இருந்தார்கள். கொஞ்ச நேரத்தில் காக்கிச் சட்டையோடு ஆட்டோக்காரர் வந்தார். நாற்பது வயது இருக்கும். கதவுப் பக்கத்திலேயே நின்றார்.

"உள்ள வாங்க. ஆர்ட்டிஸ்ட்டு வாசல்ல நின்னா எங்களுக்குத்தான் கேவலம்" என்றாள் வாத்தியார் மனைவி.

அவர் உட்கார்ந்து தன் பக்கங்களைப் புரட்டினார். மறுபடி முதல் பக்கத்துக்கு வந்தார்.

"சார், மெஷின் பென்சில எடுக்கல போல. இன்னும் கொஞ்சம் டார்க்கா வெச்சா வந்துடும்."

"என்ன பென்சில்?" என்றார் வாத்தியார்.

"எங்க அண்ணன் சார். எல்லாப் பக்கத்துலயும் இருக்கான்."

வாத்தியார் பிரதியை வாங்கிப் பார்த்தார். அப்போதுதான் அவரும் அந்தக் கதையை முதல்முறையாகப் பார்க்கிறார். அம்மா ஒன்றுமில்லாத இடத்தைப் பார்த்துக் கேனை நீட்டிக்கொண்டிருந்தாள். ஒரு தட்டில் சோறு, அதற்குப் பின்னால் சுவர். மோட்டார் பக்கத்தில் ஒரு ஸ்பேனர் காற்றில் நின்றது. அந்த ஸ்பேனருக்கு மட்டும் மை போட்டிருந்தார்.

வாத்தியார் என்னைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. ஆனால் சொன்னது வேறு.

"இல்ல, பாருங்க, இப்பிடி ஆள் இல்லாம இருக்கறதே நல்லா இருக்குது. இன்னும் பவர்ஃபுல்லா இருக்குது."

"காலி எடத்துக்கு சோறு போட்டு வெச்சிருக்குது. இதுல பவர் எங்கருந்து வந்துச்சு உங்களுக்கு?" என்றாள் மனைவி.

ஆட்டோக்காரர் மரியாதையாகச் சிரித்தார். "சார், ஒரிஜினல் இருந்தா குடுங்க. பென்சில் மேலயே இன்னொரு வாட்டி லேசா இழுத்துத் தரேன். அரை மணி நேர வேலை."

வாத்தியார் எழுந்து, "மேடம், ஒரு நிமிஷம்" என்று சமையலறைப் பக்கம் கூப்பிட்டார். போனேன்.

"ஒண்ணும் சொல்லாதீங்க" என்றார் மெதுவாக. "மெஷின்ல வரலன்னே இருக்கட்டும். ஒரிஜினல் கடைல இருக்குதுனு சொல்லுங்க. நான் அப்புறமா பேசிக்கிறேன். முதல் கதை அவருக்கு. தெரிஞ்சா இதோட நின்னுடுவாரு."

அவர் எனக்காகத்தான் அப்படிச் சொன்னார். எனக்கும் சரி என்றுதான் தோன்றியது. வெளியே வந்தேன். ஆட்டோக்காரர் சட்டைப் பையிலிருந்து ஒரு பென்சிலை எடுத்து, முனையை விரலில் தேய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார். வரையத் தயாராக உட்கார்ந்திருந்தார்.

பையிலிருந்து ஆறு பக்கங்களையும் எடுத்து டீப்பாயில் வைத்தேன். "மெஷின் இல்லிங்க. நான்தான் அழிச்சிட்டேன்" என்றேன். என் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை. மறுபடி சொல்ல வேண்டியிருந்தது.

அவர் ஒரு பக்கத்தை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். பிறகு அடுத்தது. ஆறையும் பார்த்தார்.

"மை போடலன்னா வேணாம்னு அர்த்தம்னு நான்தான் சொல்லி வெச்சிருந்தேன்" என்றார் வாத்தியார்.

"பரவால்ல சார்" என்றார் அவர். பக்கத்தைப் பார்த்தபடியே பேசினார். "ஐஸ் வாங்கப் போனான் சார். வரல. பதினேழு வருஷம் ஆவுது. வெவரமானப்புறம் எடுத்த போட்டோ ஒண்ணுகூட வீட்ல கெடயாது. ஸ்கூல் குரூப் போட்டோல மூணாவது வரிசைல பாதி மூஞ்சி தெரியும். வோட்டர் கார்ட எப்பவும் பாக்கெட்லயே வெச்சினு இருப்பான், அதும் அவனோட போயிடுச்சு."

வாத்தியார் மனைவி தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். அவர் குடிக்கவில்லை.

"மால போடறதா வேணாமானு எங்க வீட்ல இன்னும் முடிவாவல. போடணும்னா போட்டோ வேணும்னு அம்மா சொல்லும். போட்டோ இருந்தாலும் நான் உடமாட்டேன்னும் அதுவே சொல்லும். அதான் மை போடல. மை போட்டா முடிஞ்சிட்ட மாதிரி இருந்துச்சு."

"மறுபடி வரைஞ்சிடலாம்" என்றார் வாத்தியார்.

"இத வரைஞ்ச ரெண்டு வாரம் அவன் மூஞ்சி வந்துச்சு சார். கை பாட்டுக்கு ஓடுச்சு. அதுக்கு முன்னாடி எத்தினியோ வாட்டி ட்ரை பண்ணியிருக்கேன், வந்ததில்ல."

பக்கங்களைத் தன் உறையிலேயே போட்டுக்கொண்டு போய்விட்டார். ஆட்டோ கிளம்பும் சத்தம் கேட்டது. அன்று நாங்கள் மற்ற தாள்களை அடுக்கவில்லை. நான் பஸ் ஏறி வீட்டுக்கு வந்தேன்.

பத்து நாட்கள் போயின. வழக்கம்போல் கடைக்குப் போனேன். இதழ் நின்றிருந்தது. கடையில் இருந்த மாதிரிப் பிரதியின் இரண்டாவது நகலை எடுத்து, அவன் இருந்த கட்டங்களை எண்ணினேன். இருபத்து மூன்று. எதற்காக எண்ணினேன் என்று தெரியவில்லை.

பதினோராம் நாள் மதியம், முதலாளி சாப்பிடப் போயிருந்தார். ஆட்டோக்காரர் வந்து, மனுக்காரர்கள் உட்காரும் பெஞ்சில் உட்கார்ந்தார். அந்த உறை கையில் இருந்தது. அதற்குமேல் ஒரு நோட்டு.

"சாப்ட்டீங்களாக்கா?"

"ஆச்சுங்க" என்றேன். சாப்பிட்டிருக்கவில்லை.

நோட்டைத் திறந்து காட்டினார். பன்னிரண்டு முகங்கள். ஒன்று போல் ஒன்று இல்லை.

"பன்னெண்டு பேரு வந்துட்டானுங்க. அவன் மட்டும் வரல" என்றார். "அம்மாவக் கேட்டா, உன்ன மாதிரியேதான் இருப்பான்னு சொல்லுது. எங்க சித்தப்பாவக் கேட்டா, தன்ன மாதிரி இருப்பான்னு சொல்றாரு. அதான் உங்ககிட்ட வந்தேன்."

எனக்குப் புரியவில்லை.

"நீங்கதான அக்கா கடைசியா பாத்தீங்க. எத்தினி வாட்டி பாத்திருப்பீங்க. நான்கூட அவ்ளோ கிட்டக்க வெச்சிப் பாக்கல. எப்பிடி இருந்தான்?"

மனிதர்கள் எதிரில் உட்கார்ந்து என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தால் எனக்கு வார்த்தை வராது. அவர் காத்திருந்தார். ஒருவர் ஆதார் நகல் கேட்டு வந்தார். எடுத்துக் கொடுத்தேன். திரும்பி வந்தபோதும் அவர் அப்படியே இருந்தார்.

காணாமல் போனவர்களுக்காக நான் நிறைய மனு எழுதியிருக்கிறேன். அதில் ஒரு பத்தி எப்போதும் ஒரே மாதிரி வரும். அங்க அடையாளங்கள். அழுதுகொண்டே வருகிறவர்களிடம் ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதுவேன். கேட்டால் சொல்லிவிடுவார்கள். மொத்தமாகச் சொல்லுங்கள் என்றால் யாராலும் முடியாது. ஒரு மனுத் தாளை எடுத்து, அங்க அடையாளங்கள் என்று தலைப்பு எழுதினேன். எழுத ஆரம்பித்ததும் கை நடந்தது.

முகம் நீளம். நெற்றி குறுகல். முடி இடது பக்கம் இறங்கியிருக்கும். காதுகள் விலகி நிற்கும், வலது காது கொஞ்சம் அதிகமாக. மூக்கு நேராக வந்து நுனியில் சற்றுத் தடிமன். மேல் உதடு மெல்லியது. மீசை முழுமையாக இல்லை, நடுவில் இடைவெளி. தாடை கூர். கழுத்து நீளம், எலும்பு தெரியும். தலை எப்போதும் ஒரு பக்கம் சாய்ந்திருக்கும், கேட்டுக்கொண்டிருப்பவர் போல.

தாளை அவரிடம் கொடுத்தேன். படித்தார். ஒரு வரியில் விரல் நின்றது.

"காது. ஆமா. யான மாதிரினு நாங்க ஓட்டுவோம். எப்பிடி மறந்துச்சு எனக்கு?" பிறகு, "கண்ணு எழுதலியே?" என்றார்.

"கண் தெரியலிங்க. எந்தக் கட்டத்துலயும் நிமிந்து பாக்கல. கீழதான் பாத்துனு இருந்தாரு. இமை மட்டும்தான் இருந்துச்சு."

அவர் நோட்டை மூடி வைத்தார். "ஆமாக்கா. கண்ணு நான் போடல. எனக்குத் தெரியல."

உறையிலிருந்து நாலாவது பக்கத்தை எடுத்தார். என் மேசையின் ஓரத்தில் வைத்து, பக்கத்தில் என் தாளை வைத்துக்கொண்டு, கேன் நீட்டும் அம்மாவுக்கு எதிரில் இருந்த காலி இடத்தில் பென்சிலால் நேரடியாக வரைய ஆரம்பித்தார். ஒவ்வொரு கோட்டுக்கும் நிறுத்திக் கேட்டார். "இவ்ளோ தடியாவா மூக்கு?" "இல்ல, கம்மி." "கழுத்து?" "இன்னும் கொஞ்சம் நீளம்." அவரிடம் பேசுகிறேன் என்பது எனக்கு மறந்துவிட்டது. ஓர் இடத்தில், "அப்பிடி இல்லிங்க, தலைய இன்னும் சாய்ங்க" என்று சத்தமாகவே சொன்னேன்.

முடித்துவிட்டுப் பக்கத்தைக் கை நீளத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இது அவன் இல்லக்கா" என்றார். "ஆனா நான் போட்டது இதுதான்."

"மத்த கட்டமும் பண்ணிடலாங்களே. எனக்கு ஞாபகம் இருக்குது."

"வேணாம். ஒண்ணு போதும். மத்ததுல இல்லாமயே இருக்கட்டும். வீட்லயும் அப்பிடித்தான இருக்குது." மை போடப் பேனாவை அவர் எடுக்கவில்லை. நானும் எடுத்துக் கொடுக்கவில்லை.

பக்கத்தை மெஷினில் வைத்தேன். முதல் நகலில் முகம் வரவில்லை. அம்மா மட்டும் அழுத்தமாக வந்தாள். "டார்க் கொஞ்சம் ஜாஸ்தி பண்ணுங்க" என்றார். ஏற்றினேன். ஒரு காதும் தோளும் லேசாக வந்தன. இன்னும் ஏற்றினேன். கடைசி அளவுக்குப் போனபோது முகம் முழுதாக வந்தது. கூடவே தாளின் மடிப்பு, விரல் பட்ட இடம், ரப்பர் தூள் எல்லாம் கறுப்பாக வந்தன. பக்கம் முழுவதும் சாம்பல் பூத்த மாதிரி இருந்தது. அதே பக்கத்தின் மற்ற கட்டங்களில் நான் அழித்த இடங்களும் மங்கலான கறையாக வந்தன. கறைதான், ஆள் என்று சொல்ல முடியாது. ஆனால் ஓர் ஆள் உயரத்துக்கு இருந்தது.

வேறு யாராவது என்றால் இந்த நகலைக் கசக்கிப் போட்டுவிட்டு வேறு எடுத்துக் கொடுத்திருப்பேன். "அழுக்கா இருக்குதுங்க" என்று மட்டும் சொன்னேன்.

அவர் நகலை வாங்கி, கறை ஒவ்வொன்றின்மேலும் விரலை வைத்துப் பார்த்தார். அந்தப் பக்கத்தில் மூன்று இருந்தன. பிறகு உறையிலிருந்து மற்ற ஐந்து பக்கங்களையும் எடுத்து மெஷின் மேல் வைத்தார்.

"இதுங்களயும் இதே அளவுல எடுங்கக்கா" என்றார்.

எடுத்தேன்.